செவலைக்குக் கட்டிய பச்சைத் துணி

கொள்ளு வேகும் வாசனையோடுதான் எங்கள் வீட்டில் பொழுது விடியும். மலாயாவின் கேமரன் மலையில், தேயிலைத் தோட்டத்து லைன் வீடு ஒன்றில், தகரக் கூரையிலிருந்து பனி சொட்டிக்கொண்டிருக்கும் நேரத்தில் அப்பா அடுப்பு மூட்டி, ஒரு பெரிய மண்ணெண்ணெய் டின்னில் கொள்ளை வேகவைப்பார். அந்த வாசனைக்கே எனக்கு வாயூறும். ஆனால் அது எங்களுக்கு இல்லை. ஜப்பான்காரன் வந்து அரிசி காணாமல் போயிருந்த காலம் அது. எங்களுக்குக் காலையிலும் மாலையிலும் "உபி" என்று நாங்கள் சொல்லும் மரவள்ளிக் கிழங்குதான். கொள்ளு குதிரைக்கு.

அப்பா தோட்டத்துத் துரையின் குதிரைக்காரர். சண்டைக்கு முந்திய ஆண்டு துரை ஈப்போவில் ஒரு பந்தயக் குதிரை வாங்கினார். செம்மண் நிறத்தில் ஒரு பெண் குதிரை. ஓடிய மூன்று பந்தயத்திலும் முதலாக வந்ததாம். அதற்கு மேல் சிங்கப்பூருக்கே கொண்டுபோய் ஓடவிடலாம் என்று பேசிக்கொண்டிருந்தபோது, அதன் வலது முன்காலில் நரம்பு வீங்கிவிட்டது. ஒரு வருடம் ஓடாமல் குளிர்ச்சியான இடத்தில் வைத்திருந்தால் தேறிவிடும் என்று குதிரை வைத்தியர் சொன்னதால், லோரியில் ஏற்றி மலைக்குக் கொண்டுவந்து அப்பாவிடம் ஒப்படைத்தார்கள். துரை வைத்த இங்கிலீஷ் பெயர் எங்கள் நாக்கில் புரளவில்லை. அப்பா "செவலை" என்று கூப்பிட்டார். தோட்டமே அப்படிக் கூப்பிட்டது. அந்த ஒரு வருடம் முடிவதற்குள் ஜப்பான்காரன் வந்துவிட்டான். துரை மனைவியைக் காரில் ஏற்றிக்கொண்டு கிளம்பும்போது, நான்கு கொள்ளு மூட்டைகளையும் குதிரையையும் காட்டி, "பார்த்துக்கோ, வருவேன்" என்று சொல்லிவிட்டுப் போனார். அவர் திரும்பி வரவே இல்லை. அப்பா பார்த்துக்கொண்டார்.

எனக்கு அப்போது ஒன்பது வயது. வீட்டில் ஒரே பிள்ளை. அப்பா என்னை "ஏ புள்ள" என்பார். செவலையை "தாயி" என்பார். மாலை நேரங்களில் லாயத்தில் குந்தி உட்கார்ந்து, அதன் காலைத் தூக்கித் தன் தொடைமேல் வைத்து, வெதுவெதுப்பான உப்புத் தண்ணீரால் கழுவி, முழங்காலிலிருந்து குளம்பு வரை விரலால் மெல்ல நீவிவிடுவார். அந்தத் தொடையில் நான் உட்கார்ந்ததாக எனக்கு நினைவே இல்லை. ஒரு நாள் கிழங்கு தோண்டும்போது "சங்குல்" மண்வெட்டி என் கால் பெருவிரலில் இறங்கிவிட்டது. ரத்தம் சொட்டச் சொட்ட லாயத்துக்கு ஓடினேன். அப்பா தலையைத் திருப்பிப் பார்த்து, "அம்மாக்கிட்ட போயி மஞ்ச வச்சுக்க, போ" என்றார். குதிரையின் கால் அவர் மடியில் இருந்தது. வாசலில் கொஞ்ச நேரம் நின்று பார்த்துவிட்டுத் திரும்பி வந்தேன். அன்றிலிருந்து அந்தக் குதிரை செத்துப்போக வேண்டும் என்று தினமும் சாமியைக் கும்பிட்டேன்.

டவுனில் முகாமிட்டிருந்த ஜப்பான் அதிகாரி ஒருவன், நாங்கள் "கப்பித்தான்" என்போம், ஒருமுறை தோட்டத்தைப் பார்க்க வந்தபோது செவலையைக் கண்டு அப்படியே நின்றுவிட்டான். கழுத்தைத் தடவினான்; "பாகுஸ்", நல்ல குதிரை, என்றான். கால் தேறியதும் தானே ஏறி ஓட்டப்போவதாகச் சைகையிலும் மலாயிலுமாகச் சொல்லிவிட்டு, சிவப்பு முத்திரை குத்திய ஒரு காகிதத்தை அப்பாவிடம் கொடுத்தான். அப்பா அதை எண்ணெய்த் துணியில் சுற்றி மடியிலேயே வைத்திருந்தார். குதிரைக்கு ஏதோ நற்சான்று கொடுத்திருக்கிறார்கள் என்று நினைத்து அதற்கும் வயிறெரிந்தேன். அந்த நாட்களில் சயாமில் ரயில் ரோடு போட ஆள் பிடித்தார்கள். இரண்டு தடவை லோரி வந்து, எங்கள் லைனிலிருந்த ஆண்களை ஏற்றிக்கொண்டு போனது. அப்பாவை மட்டும் ஏன் விட்டார்கள் என்று நான் யோசிக்கவில்லை.

துணி கிடைக்காத காலம். பிள்ளைகள் எல்லாரும் கோணிச் சாக்கில் கழுத்துக்கும் கைக்கும் ஓட்டை போட்டு மாட்டிக்கொண்டு திரிந்தோம். ஆனால் எங்கள் டிரங்குப் பெட்டியில், சண்டைக்கு முன்னே டவுனில் முஸ்லிம் காக்கா ஒருவரின் கடையில் அம்மா வாங்கிய பச்சைச் சீட்டித் துணி மூன்று கெஜம் இருந்தது. கோயில் திருவிழாவுக்கு எனக்குப் பாவாடை தைக்கலாம் என்று அம்மா சொல்லியிருந்தார். அம்மா இல்லாத நேரத்தில் பெட்டியைத் திறந்து, அந்தத் துணியை இடுப்பில் வைத்துப் பார்த்து, மறுபடியும் மடித்து வைப்பேன்.

ஒரு மாலை அப்பா அவசரமாக உள்ளே வந்து பெட்டியைத் திறந்தார்.

"என்னாங்க, புள்ளைக்குன்னு வச்சிருக்கறது லா அது" என்றார் அம்மா.

"கால் மறுபடியும் வீங்கிக் கெடக்கு. எட்டு நாள்ல கப்பித்தான் வந்துருவான். வேற துணி இருந்தா குடு."

வேறு துணி இல்லை. அம்மா முகத்தைத் திருப்பிக்கொண்டார். அப்பா துணியின் ஓரத்தைப் பல்லால் கடித்து நீள நீளமாகக் கிழித்தார்.

மறுநாள் காலையில் அப்பா ஓடையில் தண்ணீர் எடுக்கப் போன நேரம் பார்த்து லாயத்துக்குப் போனேன். என் பாவாடையைக் காலில் சுற்றிக்கொண்டு செவலை நின்றது. கொள்ளு கொண்டுவந்திருக்கிறேன் என்று நினைத்து என் தலையை மோந்தது. வாசலில் குறுக்கே போட்டிருந்த இரண்டு தடிகளையும் உருவிக் கீழே போட்டேன். "போ" என்றேன். திரிங்காப் ஊர்ப் பக்கம் போய்த் தொலைந்தால் யாராவது ஒரு சீனன் தன் தோட்டத்தில் பிடித்துக் கட்டிக்கொள்வான், அப்பா வெறுங்கையோடு வீட்டுக்கு வருவார் என்பதுதான் என் கணக்கு.

அது உடனே போகவில்லை. மெதுவாக வெளியே வந்து, செம்மண் ரோட்டில் நின்று, காதை முன்னால் விடைத்துக்கொண்டு எதையோ கேட்டது. பிறகு ஓடியது. அது நடந்துதான் நான் பார்த்திருந்தேன். ஓடும்போது அது வேறு உயிராக இருந்தது. தலை தாழ்ந்து, உடம்பு நீண்டு, நான்கு காலும் மண்ணில் படாதது போல, தேயிலைச் செடிகளுக்கு நடுவே மூடுபனிக்குள் புகுந்து, மேல் வளைவில் வெளிப்பட்டு, மறுபடியும் கீழ் ரோட்டுக்குத் திரும்பி என்னைக் கடந்து போனது. அந்தக் காற்று என் சாக்குச் சட்டையைத் தூக்கியது. கோபம் எங்கே போனதென்று தெரியவில்லை. நான் கத்திக்கொண்டே பின்னால் ஓடினேன். ஆனால் ஓடும்போதே, இப்படி ஒன்றை நான் செய்து காட்டினால் அப்பா என்னையும் மடியில் வைத்துக்கொள்வார் என்று தோன்றியது. இப்படி எதையும் என்னால் செய்ய முடியாது என்றும் தோன்றியது.

தேயிலை அரைக்கும் ஸ்டோருக்குக் கீழே உள்ள வளைவில் முந்தின நாள் மழை தேங்கியிருந்தது. அங்கே சறுக்கி, முன்கால் ரோட்டோரத்து "லோங்கான்" சாக்கடைக்குள் இறங்கியது. பச்சை விறகு முறிவது போல ஒரு சத்தம் கேட்டது.

அப்பா ஓடிவந்து அதன் தலையை மடியில் வைத்துக்கொண்டார். தடிகள் கீழே கிடந்ததைப் பிறகு பார்த்துவிட்டு, "நான் சரியா போடல... நான்தான் சரியா போடல" என்று தலையில் அடித்துக்கொண்டார். நான் அம்மாவின் பின்னால் நின்றேன், வாயைத் திறக்கவில்லை.

சேதி டவுனுக்குப் போய், மத்தியானமே கப்பித்தான் வந்துவிட்டான். குனிந்து காலைப் பார்த்தான். துப்பாக்கியை எடுத்துச் சுட்டான். திரும்பி அப்பாவின் கன்னத்தில் இரண்டு அறை விட்டான். பிறகு கையை நீட்டினான். அப்பா மடியிலிருந்து அந்தக் காகிதத்தை எடுத்துக் கொடுத்தார்.

வீட்டுக்கு வந்ததும் அம்மா தரையில் உட்கார்ந்து அழுதார். குதிரைக்கா இவ்வளவு அழுகை என்று எனக்கு அப்போதும் எரிச்சல்தான்.

"செத்தது குதிரதானம்மா" என்றேன்.

"அந்தக் காலுலதான்டி ஒங்கப்பா உசுரு நின்னுச்சு" என்றார் அம்மா. "குதிரைக்கு ஆளு வேணும்னுதான் சயாமுக்கு அவரு பேர எழுதாம விட்டாங்க. இனிமே என்னா இருக்கு?"

மாதம் முடிவதற்குள் தோட்டத்து ஆபீஸ் கிராணி சயாம் பட்டியலோடு லைனுக்கு வந்தார். அதில் அப்பாவின் பெயர் இருந்தது.

போனவர்களில் பாதிப் பேர் திரும்பவில்லை. சண்டை முடிந்து பல மாதங்கள் கழித்து அப்பா வந்தார். கணுக்காலுக்கு மேலே சதை கரைந்து எலும்பு தெரிந்து ஆறிய புண். அதன் பிறகு அவர் நிமிர்ந்து நடக்கவில்லை. அந்தக் காலைப் பார்க்கும்போதெல்லாம் சொல்லிவிட வேண்டும் என்று நினைப்பேன். எனக்குக் கல்யாணம் நிச்சயமாகி, நான்கு நாட்களில் வேறு தோட்டத்துக்குப் போக வேண்டியிருந்தபோதுதான் சொல்ல முடிந்தது. அப்பா பின்பக்கம் விறகு பிளந்துகொண்டிருந்தார்.

"அப்பா, அன்னைக்கு லாயத்துத் தடிய எடுத்துவிட்டது நான்தான்."

கோடரி நின்றது. அடிப்பார் என்று காத்திருந்தேன். அடித்தால் நன்றாக இருக்கும் என்றும் நினைத்தேன். "நான் சரியா போடலன்னுல்ல இத்தன வருசமா நெனச்சுக்கிட்டிருந்தேன்" என்று மட்டும் சொன்னார். பிறகு கோடரியைக் கீழே வைத்துவிட்டு நொண்டிக்கொண்டே என் அருகில் வந்தார். என் முகத்தை அவ்வளவு கிட்டத்தில் அவர் பார்த்ததே இல்லை.

"அப்ப நீ பாத்தியா புள்ள? அவ ஓடுனதப் பாத்தியா? நான் ஒரு நாளும் பாக்கல. கால் தேறட்டும், தேறட்டும்னு நடத்திக்கிட்டே இருந்துட்டேன். எப்படி ஓடுனா?"

சயாம் இல்லை, புண் இல்லை, நான் அழுதுகொண்டு நிற்பதும் இல்லை. அவர் கண்ணில் செவலை ஓடியது மட்டும்தான் இருந்தது. ஒன்பது வயதில் லாயத்து வாசலில் நின்றபோது எப்படி எரிந்ததோ, அப்படியே எரிந்தது எனக்கு.

"ஓடலப்பா" என்றேன். "நொண்டிக்கிட்டு நடந்துதான் போச்சு. வழுக்கி விழுந்துருச்சு."

"அப்படியா" என்றார். திரும்பிப் போய் விறகு பிளக்கத் தொடங்கினார்.

அதன் பிறகு அவர் பதினெட்டு வருடம் இருந்தார். எத்தனையோ தடவை பக்கத்தில் உட்கார்ந்து சோறு போட்டிருக்கிறேன். நான் சொன்னதை மாற்றிச் சொல்லவில்லை.

போன வருடம் மகனோடு அந்தப் பக்கம் போனேன். லைன் வீடுகளை இடித்துவிட்டார்கள். லாயம் இருந்த மேட்டில் பிளாஸ்டிக் கூரைக்கடியில் ரோஜாப்பூ வளர்க்கிறார்கள். செம்மண் ரோடு தார் ரோடாகி, காய்கறி லோரிகள் ஒன்றன்பின் ஒன்றாகப் போகின்றன. கொழுந்து பறிக்கும் பிள்ளைகள் வேறு நாட்டுக்காரர்கள். இங்கே ஒரு குதிரை இருந்தது என்று சொன்னால் மகனே நம்பவில்லை. இந்த மலையில் அது ஓடியதைப் பார்த்தவள் நான் ஒருத்திதான். எப்படி ஓடியது என்று என்னைக் கேட்டவரும் ஒருவர்தான்.