உச்சி வெயிலில் ஒரு விளக்குமாறு

அகிலாண்டம் அம்மா புருஷனைக் கொளுத்தியவர் என்று திருவெள்ளறைப் பக்கம் பதினெட்டு வருஷமாகப் பேச்சு. நான் நம்பினேனா என்று கேட்காதீர்கள். ஜீப் ஓட்டுகிறவன் காதில் எல்லா ஊர் வம்பும் விழும்.

நடந்தது இதுதான். நல்ல மத்தியானம். வற்றிப்போன போர்வெல்லில் இருந்து மோட்டாரை எடுத்துவிட்டு, அவர் புருஷன் பீடி பற்ற வைத்துக் குச்சியை எறிந்தார். குழாய் வாயில் கிடந்த கயிற்றை எடுக்கக் கை நீட்டியவர் அலறினார். தோல் உரிகிறது, சட்டை கருகுகிறது, குழாயில் மட்டும் தீயைக் காணோம். இழுத்துப் போட்டது அகிலாண்டம் அம்மாதான். மூன்றாம் நாள் புருஷன் செத்துப்போனார்.

"தீயே இல்லாம எப்படிடீ எரிஞ்சான்?" என்று கேட்டவர்களிடம் அம்மா பார்த்ததையே திரும்பத் திரும்பச் சொன்னார். போலீஸ் விட்டது, ஊர் விடவில்லை. எட்டு வயது மகன் ஜெய்சங்கரைப் பெரியப்பா உறையூருக்குக் கூட்டிப்போனார். அம்மா ஸ்ரீரங்கத்தில் ஒரு கல்யாண மண்டபத்தில் பெருக்கப் போனார். வளர்ந்து வேலைக்குப் போனபிறகும் அந்தப் பயல் அவரை ஒருநாள்கூட அம்மா என்று கூப்பிடவில்லை. நினைத்தாலே எனக்குப் பற்றிக்கொண்டு வரும்.

போன சித்திரையில் சுப்ரஜா மேடம் என் ஜீப்பை வாடகைக்குப் பிடித்தார். மண்ணிலிருந்து தானாகக் கசியும் ஹைட்ரஜன் வாயுவைத் தேடும் வேலை. தரையில் துளை போட்டு, டியூப்பை இறக்கி, மீட்டரில் எண் பார்ப்பார். புல் முளைக்காத வட்டம், குமிழி விடும் ஊற்று எதையும் விடமாட்டார். நான் வாய் சும்மா இல்லாமல் இந்தக் கதையைச் சொன்னேன்.

"சவரிராஜ், வண்டிய மண்டபத்துக்கு விடுங்க" என்றார்.

அங்கே அகிலாண்டம் அம்மாவின் கையைப் பிடித்துக்கொண்டு சொன்னார்: "ஹைட்ரஜன் தீ பகல்ல கண்ணுக்குத் தெரியாதும்மா. சந்தேகம் வந்தா விளக்குமாத்த முன்னாடி நீட்டிக்கிட்டு நடக்கணும்னு எங்களுக்கே சொல்லிக் கொடுத்திருக்காங்க."

"அப்ப நான் பார்த்தது நெசந்தானாம்மா?" என்று அம்மா தேம்பித் தேம்பி அழுதார். கையிலிருந்த விளக்குமாற்றோடு அப்படியே வண்டியில் ஏறினார்.

போர்வெல் இருந்த நிலம் மகன் பேரில். சோதனைக்குச் சம்மதக் கையெழுத்துப் போட அங்கே வந்தவன் அம்மாவைப் பார்த்ததும் என்னிடம், "விளக்குமாத்தோட வந்து நிக்கிது பாருங்க, விளங்கினாப்லதான்" என்றான். ஓங்கி ஒன்று வைக்கலாமா என்று இருந்தது.

போர்வெல்லைச் சுற்றிப் பத்தடிக்கு ஒரு புல் இல்லை. குழாயை மூடியிருந்த இரும்புத் தகட்டுக்கு அடியில் யாரோ தூங்குவதுபோல் மூச்சுச் சத்தம். மீட்டர் எண் ஏறி ஏறிக் கடைசியில் நின்றது.

"எல்லாரும் பின்னாடி போங்க!" என்று மேடம் கத்துவதற்குள் ஜெய்சங்கர் கடப்பாரையால் தகட்டை நெம்பிவிட்டான். இரும்பில் இரும்பு உரசியது. புப் என்று ஒரு சத்தம். அப்புறம் வெயில், வெறும் குழாய், வேறொன்றுமில்லை.

"இவ்வளவுதானா? ஒண்ணுமில்லையே!" என்று அவன் குழாயிடம் கை நீட்டிக்கொண்டு போனான்.

அகிலாண்டம் அம்மா ஓடிப்போய் அவனுக்கு முன்னால் விளக்குமாற்றை நீட்டினார். குழாய்க்கு மேலே, வெறும் காற்றில், அதன் நுனி குப்பென்று பற்றி எரிந்தது.

ஜெய்சங்கர் நீட்டிய கையோடு நின்றான். "அம்மா..." என்றான்.

அம்மா திரும்பவில்லை.

"கைய எடுடா சங்கரு. உங்கப்பாவும் ஒண்ணுமில்லைன்னுதான் நீட்டுனாரு."