நான் கழற்றிய பேழை

மெல்பேர்னில் என் பக்கத்து வீட்டு மிரியம் யூதப் பெண், என் வயதுக்காரி. அவர்களின் தொழுகைக்கூடத்துக்குள் ஒருவன் புகுந்து சுட்டதில் அவள் தம்பி இரத்த வெள்ளத்தில் இறந்துபோனான். அடக்கம் முடிந்த மறுநாள் அவள் வீட்டு யன்னலையும் கல்லெறிந்து உடைத்தார்கள்.

கொழும்புக் கலவரத்தில் கத்திக்குப் பயந்து, பொட்டை அழித்துத் தப்பியவள் நான். அந்தப் பயத்தில், வேத வசனம் வைத்து அவள் கதவு நிலையில் அடித்திருந்த, யூதர்கள் போகவரத் தொட்டு முத்தமிடும் சிறு பேழை அவளைக் காட்டிக்கொடுக்குமென்று, கேளாமலே அதைக் கழற்றிவிட்டேன்.

"ஆரைக் கேட்டுக் கழட்டினனீ?" என்று சீறினாள்.

"உன்னையும் கொல்லுவாங்களடி!"

"இவ்வளவு காலமும் அதைத் தொடாமலே போய்வந்தனான். இனித் தொடாமல் படி இறங்கமாட்டன். சுத்தியலைத் தா!"

உடைந்த யன்னல் கண்ணாடி கீறிய கையில் இரத்தம் வடிய, அவளே திரும்ப அடித்தாள். ஆணியைப் பிடித்தது நான்.

இந்த நாட்டிலும் ரயில் ஏறுமுன் பொட்டை அழித்துவந்த நான், இப்போது பெரிதாக வைத்துக்கொண்டே ஏறுகிறேன்.