நாலாவது வரிசை

அக்காவுக்கு வாரம் ஒருமுறை போன் செய்கிறேன். "நல்லாகீறியா?" என்பாள். "ஆங், நல்லாகீறேன்" என்பேன். பிறகு மழை உண்டா, பிள்ளைகள் பள்ளிக்கூடம் போனார்களா என்று இரண்டு கேள்வி. அதோடு வைத்துவிடுவாள். எல்லைக்கு அந்தப் பக்கம், ஆந்திராவில் ஒரு விவசாய வீட்டில்தான் அவளைக் கொடுத்திருக்கிறோம். நான் வேலை பார்க்கும் திருத்தணியிலிருந்து பஸ் ஏறினால் ஒரு மணி நேரம். ஆனால் அவள் கடல் தாண்டிப் போய்விட்டது போல நான் ஏங்கிக்கொண்டிருக்கிறேன். பண்டிகைக்கு எங்கள் வீட்டுக்கு வந்தாலும் சாப்பிட்ட கையோடு கிளம்பிவிடுவாள். ஒரு காலத்தில் தூங்க விடாமல் பேசுவாள். வாயை மூடு என்று நான்தான் அவளிடம் கெஞ்ச வேண்டியிருக்கும்.

காரணம் தெரியும் என்றுதான் இத்தனை வருடமும் நினைத்திருந்தேன். எல்லாம் ஒரு வேர்க்கடலைச் சோதனையால் வந்தது.

வேளாண்மையில் மேற்படிப்பு படித்தபோது ஆய்வுக்கு எங்கள் நிலத்தையே எடுத்துக்கொண்டேன். ஆர்.கே.பேட்டைக்குப் பக்கத்தில் ஏரியை ஒட்டிய நிலம் அது. கடலைக்கு ஜிப்சம் உரத்தை எப்போது போட்டால் காய் நன்றாகத் திரளும் என்பதுதான் கேள்வி. விதைக்கும்போதே போடுவது, பூத்த பிறகு போடுவது, பாதி விதைக்கும்போது பாதி பூத்த பிறகு என்று போடுவது, ஒன்றுமே போடாமல் விடுவது. நான்கு விதம். ஒன்றும் போடாத பாத்தி பக்கத்தில் இருந்தால்தான் போட்டதன் அருமை தெரியும்.

சிக்கல் எங்கள் நிலத்தில் இருந்தது. மேட்டுப் பக்கம் வெறும் சரளை. சரிந்து சரிந்து ஏரிப் பக்கம் போனால் நல்ல களிமண், ஈரம் காயாது. ஒரு விதத்தை மேட்டிலும் இன்னொன்றைப் பள்ளத்திலும் வைத்தால், விளைச்சல் வித்தியாசம் ஜிப்சத்தால் வந்ததா மண்ணால் வந்ததா என்று யாராலும் சொல்ல முடியாது. அதனால் சரிவுக்குக் குறுக்கே நிலத்தை நான்கு வரிசையாகப் பிரித்தோம். கல்லூரியில் இதற்கு பிளாக் என்று பெயர். ஒரு வரிசைக்குள் மண் ஏறக்குறைய ஒன்றுதான். ஒவ்வொரு வரிசையிலும் நான்கு விதமும் இருக்க வேண்டும். எது எந்தப் பாத்தி என்பதைச் சீட்டுக் குலுக்கி முடிவு செய்ய வேண்டும்.

சீட்டு எடுத்தவள் அக்காதான். நான் கையை ஆட்டி ஆட்டி விளக்கிக்கொண்டிருந்தேன். அவள் இடுப்பில் கை வைத்துக்கொண்டு நிலத்தைப் பார்த்தாள்.

"ஏரிக்கு வர வேண்டிய பேரு ஜிப்சத்துக்குப் பூடக் கூடாது. ஒரே வூட்டுப் புள்ளைங்களை அதுங்களுக்குள்ளயே ஒப்பிடணும், பக்கத்து வூட்டுப் புள்ளையோட இல்ல. அதானே? இதுக்கா இம்மா நேரம் பேசற?"

எனக்கு இரண்டு வாரம் பிடித்த பாடம் அது. மூக்கு உடைந்தாலும் பெருமையாக இருந்தது. பத்தாவதோடு அவளை நிறுத்தியிருந்தார்கள். நைனாவால் ஒருத்தியைத்தான் படிக்க வைக்க முடியும் என்றபோது, "அவ படிக்கட்டும், எனக்குக் கழனி வேலை வரும்" என்று அவளே சொல்லிவிட்டாள். ஒரே வீட்டுப் பிள்ளைகள்தான் நாங்களும்.

நான் விடுதியில் இருந்தேன். தண்ணீர் கட்டுவது, களை எடுப்பது, பூச்சி பார்ப்பது எல்லாம் அக்கா. தினமும் வாட்ஸ்அப்பில் பதினாறு பாத்திக்கும் பதினாறு படம் வரும். பூத்த பிறகு ஜிப்சம் போட வேண்டிய நாளில் எனக்குப் பரீட்சை. எந்தப் பாத்திக்கு எத்தனை கிலோ என்று எழுதிக் கொடுத்துவிட்டு வந்தேன். "போட்டாச்சு" என்று பதில் வந்தது.

அறுவடை முடிந்து எடை போட்டபோது மூன்று வரிசையில் எல்லாம் ஒழுங்கு. ஒன்றும் போடாத பாத்திகளில் பாதிக் காய் பொக்கு, உள்ளே பருப்பே இல்லை. நாலாவது வரிசையில் மட்டும் ஒன்றும் போடாத பாத்தி மற்றவற்றோடு தோளோடு தோள் நின்றது. என் பேராசிரியர் தாளைத் தட்டி, "இங்கே என்ன நடந்தது?" என்றார்.

அடுத்த ரயிலைப் பிடித்து, டவுன் பஸ் மாறி, வீட்டுக்குள் நுழையும்போதே கத்தினேன். அக்கா ஒளிக்கவில்லை.

"மத்த மூணும் எப்பவாவது ஒருவாட்டி வாங்கிகினுச்சு. அதுக்கு மட்டும் விதைக்கறப்பவும் இல்ல, இப்பவும் இல்ல. பந்தியில ஒரு எலையை மட்டும் தாண்டிப் போற மாதிரி இருந்துச்சுடி. மூணு வரிசையில மனசைக் கல்லாக்கிகினு வந்துட்டேன். கடைசியில மூட்டையில கொஞ்சம் மீந்துச்சு. போட்டுட்டேன்."

சிரித்திருக்க வேண்டிய இடம். எனக்குக் கோபம் தலைக்கேறியிருந்தது. "படிச்சவங்க கையில குடுத்திருக்கணும். உன்னாண்ட குடுத்தேன் பாரு, என் புத்தியைச் சொல்லணும்" என்றேன். அவள் அடுப்பங்கரைக்குப் போய்விட்டாள்.

இதில் வேடிக்கை என்னவென்றால், ஒன்றும் கெட்டுப்போகவில்லை. "நாலாவது பிளாக்கை முழுசாக எடுத்துவிடு" என்றார் பேராசிரியர். ஒவ்வொரு வரிசையிலும் நான்கு விதமும் இருப்பதால் ஒன்று போனாலும் மற்ற மூன்றும் தம் காலில் நிற்கும். நின்றன. பட்டம் வந்தது, வேலை வந்தது. அதே வருடம் அக்காவுக்குக் கல்யாணம் ஆனது. அவளுடைய பேச்சும் அதோடு நின்றுபோனது.

வேலையில் எத்தனையோ பேருக்கு இந்த பிளாக் கணக்கைச் சொல்லிக்கொடுத்திருக்கிறேன். ஒவ்வொரு தடவையும் இடுப்பில் கை வைத்து நிற்கும் அக்கா கண்ணில் வந்துவிடுவாள். அந்த அக்கா எனக்குத் திரும்ப வேண்டும்.

போன மாதம் சொல்லாமல் கொள்ளாமல் அவள் வீட்டுக்குப் போய் நின்றேன். விருந்தாளிக்கு வைப்பது போல் இலை போட்டாள். சாப்பாட்டில் கை வைக்காமலே சொன்னேன்.

"அக்கா, அன்னிக்கு நான் பேசுனது தப்பு. மன்னிச்சுடு."

"அதையா இன்னும் நெனைச்சிகினு கீற?" நிஜமாகவே ஆச்சரியப்பட்டாள். "கோவத்துல பேசுன. நான் பண்ணதும் தப்புதானே. அன்னிக்கே வுட்டுட்டேன்."

"அப்போ ஏன் எங்கிட்ட முன்ன மாதிரி பேச மாட்டேங்கற?"

சோற்றுக் கரண்டியைப் பாத்திரத்தில் வைத்தாள்.

"உன் ஆராய்ச்சிப் புக்கை அட்டை போட்டு நைனா எடுத்தாந்து காட்னாரு. முன்னாடி ஒரு பக்கத்துல எல்லாருக்கும் நன்றின்னு போட்டுகீற. தராசு குடுத்த கடைக்காரர் பேரு கூட கீது. இங்கிலீசு முழுசா வராது எனக்கு. என் பேரு படிக்கத் தெரியும். ரெண்டுவாட்டி வெரல் வெச்சுத் தேடுனேன்."

கோபத்தில் வேண்டுமென்றே விட்டுவிட்டேன் என்றாவது அவளிடம் சொல்லலாமா என்று பார்த்தேன். அது பொய். அவள் பெயரை எழுத வேண்டும் என்று எனக்குத் தோன்றவே இல்லை.