ஆடாத ஊசி

இங்கே பஹ்ரைனில், பாய்லர் அறைக் கன்ட்ரோலரின் ஊசி நாள் முழுக்க நடுங்கிக்கொண்டே இருக்கிறது. யாருக்கும் அதில் கூச்சமில்லை. வந்த புதிதில் எனக்குத்தான், அழுக்குத்துணி சிதறிக் கிடக்கிற வீட்டுக்குள் விருந்தாளி நுழைந்ததுபோல இருந்தது. ஊசியின் ஆட்டத்தை அமுக்கும் ஃபில்டரைக் கூட்டி அதை நிறுத்திவிடட்டுமா என்று ஆங்கிலேய இன்ஜினியரிடம் கேட்டேன். ஊசியில் பழுதா என்றார். இல்லை, பார்க்க வருகிறவர்களுக்காக என்றேன். யார் வருகிறார்கள் என்று அவர் வாசலைத் திரும்பிப் பார்த்தார்.

திருப்பரங்குன்றம் பக்கம் ஒரு சாயமில்லில் கற்ற புத்தி அது. கைநாட்டு வைக்கிற வீட்டிலிருந்து பாலிடெக்னிக் போன முதல் ஆள் நான். அங்கேதான் முதல் வேலை. நூலை மூடிவைத்து அழுத்தத்தில் வேகவைக்கும் கலத்துக்குப் புதிதாகக் கன்ட்ரோலர் வந்தது. அழுத்தம் கொஞ்சம் ஏறி இறங்கினாலும் ஊசி ஆடும். மேனேஜருக்கு அது பிடிக்கவில்லை. "ஊசி இந்த ஆட்டம் ஆடுனா, வாரவுக மில்லே ஆட்டங்கண்டு கெடக்குன்னுல்ல நெனப்பாக?" என்றார். மாட்ட வந்தவரிடமே சொல்லி ஃபில்டரைக் கடைசி எல்லைவரை கூட்டவைத்தார். அப்படிக் கூட்டினால் ஊசி சாதுவாகிவிடும். ஆனால் அழுத்தம் ஏறியது அதற்குத் தாமதமாகத்தான் தெரியவரும். அடிக்கடி எரிந்த சிவப்பு விளக்கும் அவர் கண்ணை உறுத்தியது. அது எரியத் தொடங்கும் அபாய எல்லையையும் உயர்த்தச் சொன்னார். ஆகாது என்று நான் சொன்னதை அவர் காதில் வாங்கவேயில்லை.

பிறகு ஆயுத பூஜை வந்தது. எல்லா இயந்திரத்துக்கும் வைத்ததுபோலக் கன்ட்ரோலருக்கும் சந்தனம் குழைத்து வைத்தார்கள், சரியாகச் சிவப்பு விளக்கின் மேல். சாமிக்கு வைத்ததைத் துடைக்கக்கூடாது, தானாக உதிரவேண்டும் என்பது வழக்கம். துடைக்கப்போன என் கையை நாலுபேர் பிடித்துக்கொண்டார்கள்.

அந்த வாரமே கலத்தின் மூடி வளையம் பிய்த்துக்கொண்டது. கலத்தைப் பார்த்துக்கொண்ட கருப்பையா அண்ணனின் வலதுகை முழங்கைவரை வெந்துபோனது. சந்தனத்துக்குப் பின்னால் விளக்கு எரிந்ததோ இல்லையோ, யாருக்கும் தெரியாது. ஆஸ்பத்திரியில் அவர் கேட்டது இவ்வளவுதான்: "ஊசி சும்மாத்தானப்பா நின்னுச்சு?"

மில்லுக்கு ஓடிவந்து சந்தனத்தைச் சுரண்டினேன். ஃபில்டரையும் எல்லையையும் பழையபடி இறக்கினேன். மறுநாள் காலையில் இரண்டும் மறுபடி ஏறியிருந்தன. கருப்பையா அண்ணனுக்குக் கைக்கட்டுக்கூடப் பிரிக்கவில்லை. கலத்தடியில் வேறொரு ஆள் நின்றார். நான் கத்தியதைக் கேட்டு மேனேஜர் கோபப்படவில்லை. பக்கத்திலிருந்த கிளார்க்கிடம் சிரித்தபடி சொன்னார்: "வீட்ல மொதமொதல்ல படிச்ச புள்ளைதானண்ணே. அதான் புஸ்தகத்துல இருக்கதெல்லாம் நெசம்னு நம்புது." அந்தச் சிரிப்புதான் என்னைக் கடல் தாண்டவைத்தது.

இந்த வருஷ ஆயுத பூஜைக்கு மனசு கேட்கவில்லை. விளக்குக்கு வெகுதூரம் தள்ளி, கன்ட்ரோலர் பெட்டியின் அடிவிளிம்பில் ஒரு சந்தனப் பொட்டு வைத்தேன். இன்ஜினியர் குனிந்து பார்த்து, அழுக்கா என்றார். எதை விளக்குவது? எஸ் சார் என்றேன்; நானே துடைத்தேன். அவர் போனபின் விரலை மூக்கருகே கொண்டுபோனேன். அந்த மில் வாசம்தான். ஆனாலும் கையைக் கழுவவில்லை. எதிரே ஊசி நடுங்கிக்கொண்டிருந்தது.