எனக்கு வந்திருப்பது நல்ல கேன்சராம்!

இன்று ஆஸ்பத்திரியில் டோக்கன் வாங்கிக்கொண்டு உட்கார்ந்திருந்தபோது...

பக்கத்து சீட்டில் இருந்த அம்மா மெதுவாக ஆரம்பித்தார். "உனக்கு என்னம்மா ப்ராப்ளம்?"

"தைராய்டுல கேன்சர்ங்க."

"அட, அதுவா! அது நல்ல கேன்சராச்சே. கவலையே படாதம்மா!"

(இதை எத்தனை பேர் சொன்னார்கள் என்று எண்ணுவதையே நான் விட்டுவிட்டேன்.)

முதலில் சொன்னது ஆபீஸ் தோழி. அப்புறம் சேலையூரில் எங்கள் கீழ் வீட்டு அக்கா. "எனக்கும்தான் தைராய்டு இருக்கு. மாத்திரை போட்டுட்டு அரை மணி நேரம் கழிச்சு காபி குடிக்கறேன். அவ்ளோதான்!"

(அக்கா, உங்களுடையது வேறு, என்னுடையது வேறு. விளக்கி விளக்கித் தொண்டை வலித்ததுதான் மிச்சம். அதுவும் ஆபரேஷன் செய்த தொண்டை!)

அதிகம் சொன்னது என் வீட்டுக்காரர்தான். காலையில் ஒரு முறை, ராத்திரி ஒரு முறை.

விஷயம் இதுதான். போன மாதம் என் தைராய்டில் ஒரு பாதியை எடுத்தார்கள். ஒரே ஒரு கட்டி என்றுதான் நினைத்திருந்தோம். பயாப்ஸி ரிப்போர்ட்டில் மூன்று என்று வந்துவிட்டது. 'மல்டிஃபோக்கல்' என்று போட்டிருந்தது.

டாக்டர் ரூமுக்குள் போனதும், கூட வந்திருந்த வீட்டுக்காரர் பதறிவிட்டார். "பரவிடுச்சா மேடம்?"

டாக்டரம்மா பொறுமையாகச் சொன்னார். "அப்படி இல்ல சார். ஒரே சுரப்பிக்குள்ள தனித்தனியா மூணு இடத்துல இருக்கு. அதைத்தான் மல்டிஃபோக்கல்னு சொல்றோம். வெளியில எங்கயும் போகல. ஆனா மீதி இருக்கற பக்கத்துலயும் ஸ்கேன்ல ஒண்ணு சந்தேகமா தெரியுது. அதையும் எடுத்துடறது நல்லது."

"எடுத்துட்டா முடிஞ்சுதா டாக்டர்?" என்று கேட்டேன்.

"பெரும்பாலானவங்க ரொம்ப வருஷம் நல்லா இருக்காங்கம்மா. ஆனா ஒரே கட்டி இருந்தவங்களைவிட திரும்ப வர வாய்ப்பு கொஞ்சம் ஜாஸ்தி. அதனால செக்கப்பை விடக்கூடாது. மாத்திரை ஆயுசுக்கும்."

அதாவது, சாகவும் மாட்டேன், நிம்மதியாக இருக்கவும் முடியாது! (ஆபீஸில் லீவும் தீர்ந்துவிட்டது.)

உண்மையைச் சொல்கிறேன், எனக்கு அலுத்துவிட்டது. மறுபடியும் பட்டினி, மறுபடியும் மயக்க ஊசி, கண் விழித்ததும் குரல் வருகிறதா என்று மறுபடியும் பேசிப் பார்ப்பது. ஆனால் நல்ல கேன்சரை வைத்துக்கொண்டு அழக்கூட முடியாது!

யாராவது ஒருவர் "பயமா இருக்கா?" என்று கேட்டால் போதும் என்றிருந்தது.

வெளியே வந்து பஸ்ஸுக்காக நின்றோம். தாம்பரம் டிராஃபிக் வழக்கம்போல அசையவே இல்லை. வீட்டுக்காரர் ரிப்போர்ட் கவரை நெஞ்சோடு பிடித்துக்கொண்டு ரோட்டையே பார்த்துக்கொண்டிருந்தார்.

திடீரென்று, "எனக்கு ரொம்ப பயமா இருக்கும்மா" என்றார்.

இவரா! காலையும் ராத்திரியும் எனக்கு தைரியம் சொன்ன அதே மனுஷன். கண் கலங்கியிருந்தது.

அப்பாடா, பயப்படத் துணைக்கு ஓர் ஆள் கிடைத்தது என்று எனக்குப் பெரிய ஆறுதல். "எனக்கும்தாங்க" என்று சொல்லத்தான் வாயைத் திறந்தேன்.

வந்தது என்ன தெரியுமா?

"அட, எதுக்குப் பயப்படறீங்க? இது நல்ல கேன்சர்ங்க!"

ஒருவரையொருவர் பார்த்தோம். பஸ் ஸ்டாப் என்றுகூடப் பார்க்காமல் இரண்டு பேரும் சிரித்துவிட்டோம். எனக்குத் தழும்பு சுருக்கென்று இழுத்தது.

அடுத்த மாதம் ஆபரேஷன். கமெண்டில் எதை வேண்டுமானாலும் எழுதுங்கள், அந்த ஒரு வார்த்தை மட்டும் வேண்டாம். இனி அதை நான் மட்டும்தான் சொல்வேன், அதுவும் அவரிடம் மட்டும்.