கழுத்து விழும் இடம்

1. கடல்மட்டத்தைத் தாளில் கோடாகப் பதியும் மணிக்கூட்டுக் கருவி ஒன்றை நான் வரைந்தேன்.
2. வரைபடத்தில் அண்ணை தன் பெயரை எழுதினார்.
3. அதைக் கரையில் பொருத்திப் பூட்டிவர என்னை ஈஸ்டர் தீவுக்கு அனுப்பினார்.
4. அங்கே சிலைகளை எப்படி விழுத்தினார்கள் என்று அறிந்தேன்.
5. எங்கள் பட்டறை இருக்கும் பீல் நகருக்குத் திரும்பி வந்தேன்.

அண்ணை எனக்கு உறவில்லை. எங்கள் பட்டறையில் எனக்கு முன்பே சேர்ந்த ஒரே தமிழ்ப் பொறியியலாளர். எனக்கு வேலை எடுத்துத் தந்தவரும் அவர்தான். கோப்பி குடிக்கும் நேரமெல்லாம் அதை நினைவுபடுத்துவார். நான் தற்காலிக ஊழியை. அந்த வரைபடத்தில் என் பெயர் இருந்தால் வேலை நிரந்தரமாகும். வதிவிட அனுமதியும் அந்த வேலையில்தான் தொங்கியது. பெயர் எங்கே என்று கேட்டபோது சிரித்தார். “உன்ர பேர் நீட்டுப் பேர், தங்கச்சி. இவங்களுக்கு வாயில நுழையாது. என்ர பேர் கிடக்கட்டும், எல்லாம் எங்கட சனம்தானே.” பிறகு, “எனக்குப் பிளேன் எண்டால் வயித்தைப் பிரட்டும். நீ போய்ப் பூட்டிப்போட்டு வா” என்றார்.

தீவில் மரம் குறைவு. கறுத்த எரிமலைக் கல்லும் காற்றும்தான். நான் தங்கிய வீட்டுக்காரி, பிரெஞ்சு பேசும் தகித்தித் தீவில் வேலை செய்தவள். பீலில் நான் பழகிய பிரெஞ்சு அவளிடம் செல்லுபடியானது. கருவியைப் பூட்டிய மூன்றாம் நாளே அதன் பெட்டிக்குள் ஈரம் வியர்த்து, பேனை தாளில் ஒட்டிக்கொண்டது. இறுக்கி மூடியதே பிழை. அடியில் ஒரு துளை போட்டேன். பெட்டி மூச்சு விட்டது, கோடு ஓடியது.

அன்று பின்னேரம் அவள் என்னைக் கரையோரம் கூட்டிப்போனாள். கடலுக்கு முதுகு காட்டி ஊரைப் பார்த்து நின்ற முன்னோர் சிலைகள், வரிசையாக முகங்குப்புறக் கிடந்தன. பகைக் குலத்தார் தள்ளியவை. “தள்ளினால் மட்டும் போதாது, திரும்ப நிமிர்த்திவிடுவார்கள். கழுத்து விழும் இடத்தில் முதலிலேயே ஒரு கல்லை வைத்துவிட வேண்டும்” என்றாள். தலைகள் தனியே உருண்டு கிடந்தன. நான் நெடுநேரம் பார்த்திருக்க வேண்டும். “யாரை நினைக்கிறாய்?” என்று கேட்டுச் சிரித்தாள்.

திரும்பி வந்ததும் அண்ணையிடம் சொன்னேன். ஒரே ஒரு தரம். அவர் மேல்கோட்டை மாட்டிக்கொண்டு பஸ்ஸுக்கு ஓடும் நேரம் பார்த்து. “பெட்டியில ஒரு மாற்றம் செய்தனான், கதைக்கவேணும்.” “பிறகு, பிறகு” என்று போய்விட்டார். அவர் அப்படித்தான் சொல்வார் என்று எனக்குத் தெரியும்.

கருவியை வாங்கிய ஆய்வாளர்கள் பட்டறைக்கு வந்த நாளில், முதலாளிக்கு முன்னால் அண்ணை எழுந்து நின்றார். ஊசிமுனைக் காற்றும் புகாத பெட்டி என்றார். ஓர் ஆய்வாளர் தீவிலிருந்து வந்த புகைப்படத்தை மேசையில் வைத்து, “அப்படியானால் இந்தத் துளை எதற்கு?” என்று கேட்டார்.

“துளையோ?” என்றார் அண்ணை, தமிழில். பிறகு என் பக்கம் குனிந்து, “தங்கச்சி, சொல்லன்.”

“நீங்களே சொல்லுங்கோ அண்ணை. உங்கட வேலைதானே.”

அவர் நெற்றி வியர்க்கும்வரை பொறுத்திருந்தேன். பிறகு நான் எழுந்து, யார் வரைந்தது என்பதிலிருந்து தொடங்கி, முழுவதையும் பிரெஞ்சில் விளக்கினேன்.

அண்ணை இப்போது ஷாஃப்ஹவுசன் நகரில் வேறொரு பட்டறையில் இருக்கிறார். கலியாண வீடுகளில் என்னைக் கண்டால் கதைப்பதில்லை. எனக்கு வேலை நிரந்தரமாகிவிட்டது. நான் வருந்தவில்லை.