பேர் சொல்லாத பெருங்காயம்

படகில் ஏறியதும் நல்லசிவம் அண்ணாச்சி உட்கார மாட்டார். ஆள்காட்டி விரலை நாக்கில் நனைத்து உயரே பிடித்து, காற்று எந்தப் பக்கமிருந்து வருகிறது என்று முதலில் பார்ப்பார். பிறகு காற்று வரும் பக்கமாகப் போய், எல்லாருக்கும் முன்னால் கால் மேல் கால் போட்டு உட்காருவார். மட்டாஞ்சேரியில் கிளம்பிய படகு எறணாகுளம் படகுத்துறையைத் தொடுவதற்குள், அவர் என்ன வியாபாரி என்பது அத்தனை பேருக்கும் தெரிந்துவிடும். மூக்கைப் பொத்துகிறவர்களைக் கண்டு அவர் வருத்தப்படுவதே இல்லை. "மூக்கப் பொத்துதாம்னா மணம் போய்ச் சேந்துட்டுன்னு அர்த்தம். ஓசி விளம்பரம்லா?" என்பார்.

பெருங்காயம் அவர் தொழில். கடையநல்லூர்ப் பக்கத்திலிருந்து 1950இல் மனைவி சந்தனமாரியோடு வந்து, மட்டாஞ்சேரிக் கொச்சங்காடியில் ஒரு அரிசிப் பண்டகசாலைக்குப் பின்னால் ஒற்றை அறை பிடித்தவர். குஜராத்தி சேட்டு பம்பாயிலிருந்து வரவழைக்கும் கட்டிக் காயத்தை வாங்கி, பிசினும் மாவும் சேர்த்துத் தன் கையாலேயே பிசைந்து உருட்டுவார். அதைக் காகிதத்தில் மடித்துச் சிவப்பு நூல் சுற்றினால் சரக்கு தயார். குளிக்கும்போதுகூட உள்ளங்கையில் சோப்பு படாமல் பார்த்துக்கொள்வார். கை மணம் போனால் காய மணமும் போய்விடும் என்று நிச்சயமாக நம்பினார்.

சரக்குக்கு 'நல்லசிவம் காயம்' என்று தன் பெயரையே வைத்திருந்தார். பிள்ளையில்லாத மனிதர், தனக்குப் பிறகு இந்த ஊரில் தன் பெயரைச் சொல்ல ஏதாவது இருக்க வேண்டும் என்பது அவருடைய ஒரே ஆசை. ஆனால் பெயரை எங்கேயும் எழுதவில்லை. கடைக்குப் பலகை கிடையாது. காகிதத்தில் அச்சு கிடையாது. யாராவது கேட்டால், "மணம் இருக்கையில போர்டு எதுக்குவே?" என்று மடக்கிவிடுவார். பெயர் வாய் வழியாகப் பரவும் என்பது அவர் கணக்கு.

அந்த வாய் சந்தனமாரியுடையது என்பதை மட்டும் அவர் யோசிக்கவில்லை. அவர் பிசைவார், அவள் விற்பாள். கூடையை இடுப்பில் வைத்துக்கொண்டு, கொங்கணிக்காரர் வீடுகள் நிறைந்த செறளாயித் தெருக்களில் வீடு வீடாக ஏறி இறங்கியவள் அவள்தான். கொங்கணிக்காரர் சமையலில் காயம் இல்லாமல் அடுப்பு எரியாது. வியாபாரத்துக்குக் குறைச்சலே இல்லை. ஆனால் புருஷன் பெயரைச் சொன்னால் அவன் ஆயுசு குறையும் என்று நம்புகிற ஊரில் பிறந்தவள். முப்பத்திரண்டு வருஷத்தில் ஒரு தடவைகூட அவள் வாயில் அந்தப் பெயர் வந்ததில்லை. பெயரில் பாதிகூட வராது. நல்லெண்ணெய் அவளுக்கு எள்ளெண்ணெய். சாப்பாடு ருசியாக இருந்தால் "சீரா இருக்கு" என்பாளே தவிர வேறு சொல்ல மாட்டாள். மட்டாஞ்சேரியே நல்லமிளகு மூட்டைகளின் மேல் உட்கார்ந்திருக்கிற ஊர். அங்கே இருந்துகொண்டு அதைக் "கறுப்பு மிளகு" என்று சொல்லியே காலம் தள்ளிவிட்டாள். இப்படிப்பட்டவளிடம் தன் பெயரை விளம்பரம் செய்யும் பொறுப்பைக் கொடுத்தவர் நம் அண்ணாச்சி.

சிக்கல் 1979இல் மஞ்சள் நிற டப்பாவில் வந்தது. நாகர்கோவில் பக்கத்துச் செல்லதுரை என்ற இளைஞன், யூதர் தெருவான ஜூ டவுனில் கடை திறந்து, மலையாளத்திலும் இங்கிலீஷிலும் 'நல்லசிவம் காயம்' என்று பளபளப்பாக அச்சடித்து விற்க ஆரம்பித்தான். அண்ணாச்சி நேரே போய் நியாயம் கேட்டார். செல்லதுரை நாற்காலி போட்டு உட்காரவைத்து, சாயா வாங்கிக் கொடுத்து, சுவரில் மாலை போட்டிருந்த படத்தைக் காட்டினான். "எங்கப்பா பேரு அண்ணாச்சி. பெத்த அப்பன் பேர வைக்கதுக்கு நான் ஆருகிட்ட கேக்கணும்?" என்றான். படத்திலிருந்த மனிதர் விபூதியும் மீசையுமாக வெகு மரியாதையாக இருந்தார். அண்ணாச்சி அவரைக் கும்பிட்டுவிட்டு, சாயாவைக் குடித்துவிட்டுத் திரும்பி வந்தார்.

அதன் பிறகு நடந்ததுதான் வேடிக்கை. செல்லதுரையின் டப்பாவில் மாவு அதிகம், மணம் குறைவு. ஏமாந்தவர்கள் டப்பாவைத் தூக்கிக்கொண்டு, நல்லசிவம் யார் என்று விசாரித்துக் கொச்சங்காடிக்கு வந்து சண்டை பிடித்தார்கள். இது என் சரக்கில்லை என்று ஒரு வார்த்தை சொல்லி அனுப்பியிருக்கலாம். அண்ணாச்சிக்கு மனசு கேட்கவில்லை. டப்பாவை வாங்கி முகர்ந்து பார்ப்பார், முகம் சுளிப்பார், கொட்டிவிட்டு அதில் தன் காயத்தைப் போட்டுக் கொடுப்பார். "சரக்கு அவனுதுதான். பேரு நம்மதுல்லா?" என்பார். சந்தனமாரி தலையில் அடித்துக்கொள்வாள். "அவன் விக்க மாவுக்கு நீங்க காயம் குடுத்தா, ஊரு அவனயில்லா மெச்சும்?" அவள் சொன்னபடியே நடந்தது. மூன்றே வருஷத்தில் மஞ்சள் டப்பா நல்ல பேர் எடுத்துவிட்டது.

கடைசியில் அண்ணாச்சிக்கும் ரோஷம் வந்து, 1982இல் தன் காகிதத்தில் 'நல்லசிவம் காயம்' என்று சிவப்பு மசியில் அச்சடித்தார். பத்தாம் நாள் செல்லதுரையின் வக்கீலிடமிருந்து நோட்டீஸ் வந்தது. மூன்று வருஷமாகத் தன் கட்சிக்காரர் பயன்படுத்தும் பெயரை இவர் திருடிவிட்டதாகவும், உடனே நிறுத்தாவிட்டால் வழக்கு என்றும் அதில் எழுதியிருந்தது. படித்துச் சொன்ன தபால்காரர், "உங்க பேர நீங்க வைக்கக் கூடாதாம் அண்ணாச்சி" என்று சுருக்கினார்.

"என் பேர நான் எங்கவே வச்சேன்? எங்கப்பால்லா வச்சாரு!" என்று அண்ணாச்சி கத்தினார். அன்றைக்கு அவர் காயம் பிசையவில்லை. சாகிற காலத்தில் சொந்தப் பெயரை இழந்துவிட்டுச் சாகப்போகிறோமே என்ற நினைப்பில் உள்ளங்கையை முகர்ந்து முகர்ந்து பார்த்துக்கொண்டிருந்தார்.

எறணாகுளத்தில் ஒரு வக்கீலைப் போய்ப் பார்த்தார். பழைய லேபிள் உண்டா, விளம்பரம் உண்டா, ஏதாவது அத்தாட்சி உண்டா என்று வக்கீல் கேட்டார். அண்ணாச்சி உள்ளங்கையை அவர் மூக்குக்கு நேரே நீட்டினார். வக்கீல் எழுந்துபோய் ஜன்னலைத் திறந்துவைத்துவிட்டு, கோர்ட்டுக்குப் போவதைவிட வியாபாரிகள் சங்கத்தில் பேசி முடித்துக்கொள்வது உத்தமம் என்றார்.

சங்கத்துச் செயலாளர் வெங்கிடேஸ்வரன் பாலக்காட்டுக்காரர். எதையும் நோட்டில் எழுதாமல் நம்பாதவர். 1979க்கு முன்னாலேயே இந்தப் பெயரில் சரக்கு விற்றது என்பதை, விற்றவர் ஒருத்தர், வாங்கினவர் ஒருத்தர், இரண்டு பேரும் சபையில் வாயால் சொல்ல வேண்டும். சொன்னால் பெயர் அண்ணாச்சிக்கு, இல்லாவிட்டால் செல்லதுரைக்கு என்று தீர்மானம் ஆயிற்று. செல்லதுரை சந்தோஷமாக ஒப்புக்கொண்டான். விற்றவள் யார் என்பதும் அவள் சுபாவமும் அவனுக்குத் தெரியும்.

அந்த ஒரு வாரம் அண்ணாச்சி பெண்டாட்டியிடம் கெஞ்சியது கொஞ்சநஞ்சமல்ல. "ஒரே ஒருவாட்டி சொல்லுளா. மெதுவாச் சொன்னாப் போதும்."

"உங்க ஆயுசுக்கு ஒண்ணு ஆச்சுன்னா ஆரு பதில் சொல்ல? உங்களுக்குப் பேரு பெருசா, உசுரு பெருசா?"

"பேருதான்" என்று யோசிக்காமல் சொல்லிவிட்டார். அதற்குப் பிறகு இரண்டு நாள் அந்த வீட்டில் பேச்சே இல்லை. குழம்பில் காயமும் இல்லை.

சபை ஒரு ஞாயிற்றுக்கிழமை காலையில், பஜார் ரோட்டில் ஒரு மிளகுப் பண்டகசாலையின் மாடியில் கூடியது. வாங்கினவர் சார்பில், இருபத்தைந்து வருஷமாகக் காயம் வாங்கும் செறளாயி ரத்னாபாய் வந்திருந்தாள். என்ன பெயரில் வாங்கினீர்கள் என்று வெங்கிடேஸ்வரன் கேட்டார்.

"பேரு ஒரு திவசம் பறஞ்ஞிட்டில்லா" என்று தொடங்கினாள் ரத்னாபாய். சந்தனமாரி ஒரு நாள்கூடப் பெயரைச் சொன்னதில்லையாம். அண்ணாச்சிக்குப் பாதி உயிர் போயிற்று. "சோதிச்சால் இங்ஙனெ காணிக்கும்" என்றவள், கேட்டால் சந்தனமாரி காட்டுவதை அப்படியே காட்டினாள்: முதலில் நாக்கைச் சப்புக்கொட்டி, நல்ல ருசி என்று தலையாட்டினாள். பிறகு மூன்று விரலால் நெற்றியில் விபூதிப் பட்டை இழுத்துக் காட்டினாள். செறளாயியில் அத்தனை வீட்டுப் பெண்களுக்கும் இது தெரியும் என்றாள். காயம் தீர்ந்துவிட்டால், மருமகளைப் பார்த்துச் சப்புக்கொட்டிப் பட்டை போட்டுக் காட்டுவார்களாம். மருமகள் புரிந்துகொண்டு சந்தனமாரிக்குச் சொல்லியனுப்புவாளாம்.

மாடி முழுக்க ஒரே சிரிப்பு. வெங்கிடேஸ்வரன் மட்டும் சிரிக்கவில்லை. பேனாவை மூடி வைத்துவிட்டுச் சந்தனமாரி பக்கம் திரும்பினார். "இந்த ஆக்ஷனை நான் எப்படி எழுதறது கேட்டேளா? அம்மா, நீங்கதானே காட்டினது? அது என்ன பேருன்னு நீங்களே சொல்லிடுங்கோ. ஒரு வார்த்தை போரும்."

சந்தனமாரி எழுந்து நின்றாள். புடவைத் தலைப்பை இழுத்து வாயில் வைத்துக்கொண்டாள். அண்ணாச்சி கண்ணை மூடிக்கொண்டார். சரி, போகட்டும், முப்பத்திரண்டு வருஷம் கூட இருந்தவளை இப்படிச் சபையில் நிறுத்தி வதைத்து ஒரு பெயர் வேண்டுமா என்று அவருக்கே தோன்றிவிட்டது. விட்டுவிடலாம் என்று சொல்ல வாயெடுத்தார்.

அதற்குள் செல்லதுரை முந்திக்கொண்டான். ஜெயிக்கிற கட்டத்தில் சும்மா இருக்கத் தெரியாத வயசு. "நெத்தியில பட்டை போட்டாப் போதுமா? சிவம்னு முடியிற பேரு ஒண்ணா ரெண்டா? சதாசிவமா இருக்கலாம், பரமசிவமா இருக்கலாம். இந்தக்கா எந்த ஆள மனசுல வச்சுக் காட்டிச்சோ, ஆரு கண்டா?"

ரத்னாபாய் முகத்தைத் திருப்பிக்கொண்டாள்.

சந்தனமாரி வாயிலிருந்து தலைப்பை எடுத்தாள். "எந்த ஆளையா?" என்றாள். கூடையில்லாத இடுப்பில் கையை ஊன்றினாள். "எலேய், வந்து கேட்டுக்கோ. எனக்கு ஒரே ஆளுதாம்ல. நல்லசிவம்! கடையநல்லூரு நல்லசிவம்! எழுதிக்கிடும்யா, நல்லசிவம்!"

கீழே மூட்டை இறக்கிக்கொண்டிருந்தவர்கள்கூட நிமிர்ந்து பார்த்தார்கள். வெங்கிடேஸ்வரன் பேனாவைத் திறந்து மூன்று தடவையையும் எழுதிக்கொண்டார். செல்லதுரை செருப்பைத் தேடிக்கொண்டு மாடிப்படிப் பக்கம் நகர்ந்தான். அப்போதுதான் சந்தனமாரிக்குத் தான் என்ன செய்துவிட்டோம் என்று உறைத்தது. இரண்டு கையாலும் வாயைப் பொத்திக்கொண்டு, கண் பிதுங்க, புருஷன் உட்கார்ந்திருந்த பக்கமாகத் திரும்பினாள்.

நல்லசிவம் அண்ணாச்சி நாற்காலியை விட்டு எழுந்தார். தோளில் கிடந்த துண்டை எடுத்து இடுப்பில் கட்டிக்கொண்டார். "இந்தா, இருக்கேன்ளா" என்று சொல்லி, அவள் நன்றாகப் பார்த்துக்கொள்ளட்டும் என்று அப்படியே நின்றார்.